மங்கிப்போன பின்னணி

'ஃபுல்ஃப்ரேம்' கேமரா வைத்திருப்பவர் எவரிடமாவது, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக முதல் பதில் பின்னணி மங்குவதைப் பற்றியதாகத்தான் இருக்கும். முகம் மட்டும் துல்லியமாக நிற்க, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் கரைந்து வண்ணக் குழம்பாகும் அழகை விவரிப்பார். கையோடு ஒரு குழந்தையின் படத்தையும் காட்டுவார். இமைமுடிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்ல முடியாது.

இவ்வகைக் கேமரா ஒன்றைப் பல ஆண்டுகளாகத் தோளில் சுமந்து திரிபவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு வழக்கு உண்டு. இந்தக் கேமராவில் புகழத்தக்கவை பல இருக்க, நாம் அதன் மிக மலிவான வித்தையைப் பிடித்துக்கொண்டோம். அதன் விளைவாக நம் குடும்ப ஆல்பங்களிலிருந்து வீடும் தெருவும் ஊரும் துடைக்கப்பட்டுவிட்டன.

முதலில் பெயரிலிருந்தே தொடங்கலாம். 'முழு' என்று நாம் பெருமையோடு சொல்லும் இந்தச் சட்டகத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்ற பொறியாளர், சினிமாச் சுருளின் 18க்கு 24 சட்டகத்தை இரட்டிப்பாக்கி அமைத்த அளவு அது. அவர் வடிவமைத்த லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தபோது, பெரிய கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு அது விளையாட்டுச் சாமானாகத் தெரிந்தது. 'மினியேச்சர்' கேமரா என்றே அந்த வகையை அழைத்தார்கள். அன்றைய குள்ளன் இன்று முழு ஆளாகிவிட்டான். டிஜிட்டல் காலத்தின் தொடக்கத்தில் சென்சார் செய்வது பெருஞ்செலவாக இருந்ததால், பெரும்பாலான கேமராக்களில் இதைவிடச் சிறிய சில்லுகளையே வைத்தார்கள். அந்தக் குறைக்கு எதிராகப் பிறந்த சொல்தான் 'முழு'.

2002இல் கேனான் நிறுவனத்தின் 1டிஎஸ் போன்ற ஓரிரு முழுச்சட்டகக் கேமராக்கள் வந்துவிட்டன என்றாலும் அவை பத்திரிகை அலுவலகங்களுக்கும் விளம்பரக்காரர்களுக்கும் உரியவை. தனியாள் ஒருவர் கடன் வாங்கியாவது வாங்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது 2005இல் வந்த கேனான் 5டி. அமெரிக்காவில் அறிமுக விலை 3,299 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய். லென்ஸும் வரியும் தனி. 12.8 மெகாபிக்சல், நொடிக்கு மூன்று படம், முதுகில் இரண்டரை அங்குலத் திரை. இன்றைய சாதாரணக் கைபேசியோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும் எண்கள். ஆனால் அதைக் கையில் வாங்கிய அன்று பழைய பிலிம்காரர்கள் அடைந்த மகிழ்ச்சிக்குக் காரணம் எண்களில் இல்லை. அவர்களுடைய லென்ஸ்கள் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 24 எம்.எம். லென்ஸ் என்பது ஒரு கூடத்தின் இரு மூலைகளையும் ஒருசேர அள்ளும் அகலப் பார்வை கொண்டது. அதையே கேனானின் சிறிய சென்சார் கொண்ட கேமராவில் மாட்டினால், சட்டகத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டு, ஏறக்குறைய 38 எம்.எம். லென்ஸின் பார்வைதான் கிடைக்கும். மனிதர்களோடு நெருங்கி நின்று எடுக்கும் 50 எம்.எம். லென்ஸ் அங்கே 80 ஆகி நம்மை நாலடி பின்னே தள்ளும். நம் ஊர் வீடுகளில் பின்னே தள்ளப்படுவது என்றால் என்ன என்பது எடுத்தவர்களுக்குத் தெரியும். இரண்டு தப்படி வைத்தால் முதுகு பீரோவில் இடிக்கும். மூன்றாவது தப்படியில் நாம் வாசலுக்கு வெளியே நிற்போம். பதினைந்து ஆண்டுகள் ஒரே லென்ஸோடு பழகிய ஒருவருக்கு, எங்கே நின்றால் எவ்வளவு விழும் என்பது காலுக்கே தெரிந்திருக்கும். சிறிய சென்சார் அந்தக் கால் அறிவைச் செல்லாக்காசாக்கியது. 5டி அதை மீட்டுக்கொடுத்தது.

இன்னொரு பேறு கண்காட்டி. சிறிய சென்சார் எஸ்.எல்.ஆர்.களில் கண்ணை வைத்தால் சுரங்கப்பாதையின் மறுமுனையைப் பார்ப்பது போலிருக்கும். முழுச்சட்டகத்தில் கண்ணாடியும் பெரிது, காட்சியும் பெரிது. உள்ளே நுழைந்து பார்க்கிறோம் என்ற உணர்வு வரும். 2013இல் வந்த சோனி ஏ7 போன்ற கண்ணாடியில்லாக் கேமராக்களில் கண்காட்டி என்பதே ஒரு சிறு மின்திரை. சென்சாரின் அளவுக்கும் அதற்கும் தொடர்பு அறுந்துவிட்டது. ஆகவே இந்தச் சுகம் ஒரு தலைமுறைக் கருவிகளோடு முடிந்துபோன ஒன்று.

குறைகளையும் சொல்லிவிடலாம். 5டியின் உடல் மட்டும் 810 கிராம். கூடவே அறிமுகமான 24-105 லென்ஸை மாட்டினால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கோயில் திருவிழாவில் ஒரு நாள் முழுக்கச் சுமந்தவர்களின் கழுத்தைக் கேட்டுப் பாருங்கள். சென்சாரைத் தானே தூய்மை செய்யும் வசதி அதில் இல்லை. வானத்தைப் படமெடுத்தால் தூசிகள் கருப்புக் கொசுக்களாகத் தெரியும். சிலருடைய கேமராக்களில் உள்ளிருக்கும் கண்ணாடி பசைவிட்டுக் கழன்று விழுந்ததும், கேனான் அதைக் கட்டணமின்றிச் சரிசெய்து கொடுத்ததும் அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டவை.

இனி அந்த மங்கல் விஷயம். 85 எம்.எம். லென்ஸை எஃப்/1.8 அளவுக்குத் திறந்துவைத்து, இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பவரை முழுச்சட்டகத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருக்கும், காது கலங்கத் தொடங்கியிருக்கும், பின்சுவர் இருந்த இடமே தெரியாது. இந்தக் கலங்கலின் தன்மையைக் குறிக்க ஜப்பானியர்களிடம் ஒரு சொல் உண்டு. 1997இல் மைக் ஜான்ஸ்டன் என்பவர் ஆசிரியராக இருந்த அமெரிக்க இதழொன்றின் வழியாக அது 'போக்கே' என்று ஆங்கிலத்துக்குள் பரவியது. நம் கல்யாண வீடுகளில் 'பொக்கே' என்றால் செலோஃபேன் தாள் சுற்றிய பூங்கொத்து. இரண்டும் மேடைக்குத்தான் வருகின்றன, இரண்டையும் மறுநாள் யாரும் தேடுவதில்லை என்பது தற்செயல்.

"பெரிய சென்சார் இருட்டிலும் எடுக்கும், அதற்காகத்தான் வாங்கினேன்" என்பார்கள். அதுவும் பாதிதான் உண்மை. ட்யூப் லைட் எரியும் ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். முழுச்சட்டகத்தில் 35 எம்.எம். லென்ஸ், எஃப்/5.6, அறுபதில் ஒரு நொடி, ஐஎஸ்ஓ 3200. மூன்று மீட்டரில் குவித்தால் இரண்டு மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். பாட்டி, அவருக்குப் பின்னே ஊஞ்சல், அதற்கும் பின்னே சாமி படங்கள். நல்லது. ஆனால் இதே படத்தைச் சிறிய சென்சாரில் 22 எம்.எம். லென்ஸ், எஃப்/3.5, ஐஎஸ்ஓ 1250 வைத்து எடுத்தால் அதே பார்வை, அதே ஆழம், ஏறக்குறைய அதே அளவு புள்ளிச்சத்தம். அதாவது பின்னணியையும் சேர்த்துக் காட்ட நினைப்பவருக்கு மங்கிய வெளிச்சத்தில் பெரிய சென்சாரால் பெரிய ஆதாயம் இல்லை. பின்னணியைத் தியாகம் செய்யும்போதுதான் அந்தக் கூடுதல் பணம் 'வேலை செய்கிறது'. இந்தக் கணக்கைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். வாங்கியவரோ போட்ட பணம் படத்தில் தெரிய வேண்டும் என்பதால் துளையை முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறார். மங்கல் மோகத்தின் பொருளாதாரம் இதுதான் என்பது என் எண்ணம்.

தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நண்பர் ஒருவரின் பூர்வீக வீடு 2017இல் இடிக்கப்பட்டது. முற்றமும் தாழ்வாரமும் உள்ள பழைய ஓட்டு வீடு. இடித்து ஓராண்டுக்குப் பிறகு, வீடு எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டப் படம் தேடினார்கள். மகளின் திருமணம் 2014இல் நடந்திருந்தது. மண்டபத்தில்தான் கல்யாணம் என்றாலும் பந்தக்கால் நட்டதும் நலங்கு வைத்ததும் அந்த வீட்டில். இரண்டு முழுச்சட்டகக் கேமராக்களோடு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் எடுத்திருந்தார்கள். மருதாணிக் கை, பாதி திரும்பிய முகம், கண்ணீர்த் துளி, மெட்டி. எல்லாம் அழகு. அதில் வீடு இல்லை. ஒரு படத்தில் பழுப்பாக ஒரு நெடுங்கோடு மட்டும் இருந்தது. அது முற்றத்துத் தூண் என்று நண்பர் சொன்னார், சொன்னதால் தெரிந்தது.

கடைசியில் கைகொடுத்தது நண்பரின் சொந்தக் கல்யாண ஆல்பம். 1986. உள்ளூர் ஸ்டுடியோக்காரர் ஃபிளாஷை மாட்டி, துளையைச் சுருக்கிக்கொண்டு, எல்லாரையும் நிற்கவைத்து எடுத்தவை. கலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திண்ணை இருக்கிறது, திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தோடு ஒரு பெரியவர் இருக்கிறார், உத்தரத்தில் கட்டிய தோரணம் இருக்கிறது, நிலைக்கதவின் செதுக்கல் இருக்கிறது, சுவர்க் கடிகாரம் முகூர்த்த நேரத்தைக் காட்டுகிறது, யாரோ ஒரு பையன் கேமராவைப் பார்த்து நாக்கை நீட்டுகிறான். அந்தப் பையன் யாரென்று இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. ஓர் ஊரின் வரலாறு அப்படித்தான் எழுதப்படுகிறது. தி. ஜானகிராமனிடமிருந்து காவிரிக்கரையை மங்கலாக்கிவிட்டு, கி. ராஜநாராயணனிடமிருந்து கரிசலை மங்கலாக்கிவிட்டுக் கதாபாத்திரங்களின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்?

அந்தக்கால ஸ்டுடியோக்களில் பொய்ப் பின்னணி இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. திரைச்சீலையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டும் பூஞ்சோலையும் அன்னப்பறவையும். ஆனால் அந்தப் பொய்யில் ஒருவரின் ஆசை தெரிந்தது. மாளிகை முன் நிற்க விரும்பியவர், டெலிபோனைக் கையில் பிடிக்க விரும்பியவர் என்று அவரைப் பற்றி ஒரு செய்தியாவது கிடைத்தது. வண்ணக் குழம்பு யாருக்கும் எந்த ஊரையும் தருவதில்லை.

இதே 24க்கு 36 சட்டகத்தைக் கொண்டு முன்னோர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் லைக்காவோடு இருந்தவர் ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது 50 எம்.எம். லென்ஸ் ஒன்றைத்தான். அவருடைய படங்களில் பின்னே நடந்துபோகும் ஒருவருக்கும் முன்னே நிற்பவருக்கும் ஏதோ உறவு இருந்துகொண்டே இருக்கும். ரகுபீர் சிங் அதை வண்ணத்தில் இன்னும் நெருக்கமாக அடுக்கியவர். தமிழ்நாட்டைப் பற்றியே தனி நூலொன்று செய்திருக்கிறார். அவர் 1999இல் மறைந்த பின் வெளிவந்த அம்பாசடர் கார்ப் படங்களில், கையெட்டும் தூரத்துக் கதவு விளிம்பும் அதற்கு அப்பால் விரியும் சாலையும் ஒரே சட்டகத்தில் ஒன்றையொன்று கேள்வி கேட்கும். துளையைத் திறந்துவைத்து எடுக்க முடியாத படங்கள் அவை.

எதிர்த்தரப்பில் எனக்குப் பதில் சொல்லக் கடினமான வாதம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் இட்லி விற்கும் அம்மாள் ஒருமுறை படம் எடுக்கச் சொன்னார். நான் கேமராவைத் தூக்கியதும், "பின்னாடி அந்தச் செவுரு தெரியாம எடுப்பா" என்றார். காரை பெயர்ந்து செங்கல் தெரியும் சுவர் அது. என் கொள்கையெல்லாம் அவருக்கு எதற்கு? துளையைத் திறந்து, சுவரைக் கரைத்து எடுத்துக் கொடுத்தேன். தன் வறுமை தன்னோடு சேர்ந்து சட்டத்துக்குள் மாட்டப்பட வேண்டாம் என்று ஒருவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அதை மறுத்து 'யதார்த்தம்' எடுப்பவர்களின் கேமராவில் ஒருவிதக் கொழுப்பு இருக்கிறது. ஆனால் அங்கே மறைக்கச் சொன்னவர் அவர். நண்பர் வீட்டுத் தூணை மறைக்கச் சொன்னவர் யாருமில்லை. லென்ஸ் அப்படித் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

2016இல் ஐபோன் 7 பிளஸ் பின்னணியைக் கணக்குப் போட்டுக் கலைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. விரைவில் மற்ற கைபேசிகளும் அதைப் பின்பற்றின. தொடக்கத்தில் காதோர முடியையும் கண்ணாடிக் காம்பையும் சேர்த்து அழித்துவிடும், நாளடைவில் தேறிவிட்டது. ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கிய மங்கல் எல்லார் சட்டைப்பைக்கும் வந்துசேர்ந்த பிறகாவது முழுச்சட்டகக்காரர்கள் அதைக் கைவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நடந்தது நேர்மாறு. எஃப்/1.8 போதாதென்று எஃப்/1.2 லென்ஸ்களுக்குப் போய்விட்டார்கள்.

என்னிடம் எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு 35 எம்.எம். எஃப்/2 ஒன்றைச் சொல்கிறேன். கேட்டவர்கள் முகம் வாடும், அதில் 'அந்த எஃபெக்ட்' அவ்வளவாக வராது என்பதால். என்னுடைய பழைய 5டியில் இப்போது அதுதான் மாட்டியிருக்கிறது, பெரும்பாலும் எஃப்/8இல். அதன் கண்காட்டி சட்டகத்தில் 96 சதவீதத்தைத்தான் காட்டும். முதுகுத் திரையோ வெயிலில் ஒன்றும் தெரியாத அளவுக்கு மட்டம். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்க்கும்போதுதான், நான் பார்க்காத அந்த ஓரத்தில் யாரோ ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காலூன்றி நிற்பது தெரியும்.