தெரியாது என்பதும் தகாது என்பதும்

ஆசிரியர் அறையில் ஒரு நாள் எழுந்த சிறு சொற்போரே இக்கட்டுரைக்குக் காரணம். என்னுடைய பழைய புரோட்டோன் சாகா காரின் இயந்திரத்தில் எண்ணெய் கசிந்தது. வால்வு மூடியின் கேஸ்கெட் கெட்டுவிட்டது, சனிக்கிழமை நானே மாற்றப் போகிறேன் என்று சொன்னேன். உடனே நண்பர் ஒருவர், "என்ன சார், நீங்கள் போய் இந்த வேலையைச் செய்வதா? மாணவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்றார். அறையே சிரித்தது.

"உங்களுக்கு அது தெரியுமா?" என்று அவர் கேட்டிருப்பாரானால், அது அறிவுடையோர் கேட்கும் கேள்வி. அவரோ, "உங்களுக்கு அது தகுமா?" என்று கேட்டார். தெரியாது என்பது நேர்மை. தகாது என்பது ஆணவம். இவ்விரண்டையும் நம்மவர் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கின்றனர். அக்குழப்பத்தை எதிர்த்தே எழுதுகிறேன்.

முதலில் செய்தியைத் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டு உலோகப் பரப்புகள் பொருந்தும் இடத்தில் எண்ணெயோ நீரோ காற்றோ வெளியேறாதவாறு இடையில் வைக்கும் அடைப்பே கேஸ்கெட். இயந்திரத்தின் உச்சியில் இருக்கும் வால்வு மூடிக்கு அடியில் பெரும்பாலும் ரப்பரால் ஆன கேஸ்கெட் ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் அது இறுகி, நெகிழ்ச்சி இழந்து, வெடிக்கும். அப்போது எண்ணெய் வழிந்து, சூடான புகைக்குழாய்மேல் விழுந்து, கருகிய வாடை எழும். கவனியாது விட்டால் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

அதை மாற்றுவது எப்படி? இயந்திரம் நன்கு ஆறிய பின், மேலுள்ள குழாய்களையும் கம்பிகளையும் இடம் குறித்துக்கொண்டு கழற்ற வேண்டும். போல்ட்டுகளை நீக்கி மூடியைத் தூக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒன்றும் உள்ளே விழாதபடி பரப்பைத் துடைத்து, புதியதைப் பொருத்தி, போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஸ்பேனர் பெட்டி ஒன்றும், விடுமுறைக் காலைப் பொழுது ஒன்றும், பொறுமையும் போதும்.

ஆனால் கேஸ்கெட் என்ற பெயரைத் தாங்கியவை எல்லாம் ஒன்றல்ல. சிலிண்டர் தலைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள கேஸ்கெட், எரியும் வாயுவின் அழுத்தத்தையும் குளிர்நீரையும் எண்ணெயையும் ஒருங்கே பிரித்துக் காக்கிறது. அதை மாற்றப் பாதி இயந்திரத்தையே கழற்ற வேண்டும். பரப்பு வளைந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். போல்ட்டுகளைக் குறித்த வரிசையில், குறித்த விசையளவில் இறுக்க வேண்டும். அங்கே தவறினால் இயந்திரமே பாழாகும். முன்னதைச் செய்தவன் பின்னதையும் செய்துவிடலாம் என்று துணிவது வீரம் அன்று, பேதைமை.

ஆகவே, நானே செய்வதா, பட்டறைக்குக் கொண்டுபோவதா என்பதை நான்கு கேள்விகளால் முடிவுசெய்யலாம். கசிவு உண்மையில் எங்கிருந்து வருகிறது? இயந்திரத்தின் மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் மிகுந்து, புதிய கேஸ்கெட்டிலும் எண்ணெய் கசியும். நோயறியாத மருத்துவம் வீண். இரண்டாவது, அந்த இடத்தை அடைய எத்தனை உறுப்புகளைக் கழற்ற வேண்டும்? மூன்றாவது, தவறு நேர்ந்தால் இழப்பு எவ்வளவு? நான்காவது, வேலை பாதியில் நின்றால் திங்கட்கிழமை பள்ளிக்குச் செல்ல வேறு வழி உண்டா? இந்த நான்கிலும் "நான் யார், என் பதவி என்ன" என்ற கேள்விக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"தெரிந்த தொழிலை விட்டவனும் கெட்டான், தெரியாத தொழிலைத் தொட்டவனும் கெட்டான்" என்னும் பழமொழியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். நல்ல பழமொழிதான். ஆனால் தெரியாததை ஒருநாளும் தெரிந்துகொள்ளாதே என்று அது கட்டளையிடவில்லையே! தெரிந்தவர் எல்லாரும் ஒரு நாள் தெரியாதவராய் இருந்தவர்தாம். பழமொழியைச் சோம்பலுக்குக் குடையாகப் பிடிப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது.

இன்னும் சிலர், "120 வெள்ளி கொடுத்தால் முடிகிற வேலைக்கு ஏன் இந்தப் பாடு?" என்பர். நேரமில்லாதவர் கொடுக்கட்டும், அதில் குற்றமில்லை. கைத்தொழிலாளிக்கு ஊதியம் போய்ச் சேர்வது நல்லதே. ஆனால் அப்படிச் சொல்பவர்களுள் பலர், பட்டறையில் நின்று, "இரண்டு போல்ட்டைக் கழற்றி மாட்ட இவ்வளவு கூலியா?" என்று பேரம் பேசுவதையும் நான் கண்டிருக்கிறேன். தான் செய்யத் தகாத இழிந்த வேலை என்று ஒரு நாக்கு. கூலி கொடுக்கத் தகாத எளிய வேலை என்று மறு நாக்கு!

என் அனுபவத்தை மறைக்க விரும்பவில்லை. முதன்முறை நான் இவ்வேலையைச் செய்தபோது, இறுக்க இறுக்க நல்லது என்று எண்ணி ஒரு போல்ட்டை மிகையாக முறுக்கினேன். அலுமினியத்தில் இருந்த மரை அழிந்தது. தலைகுனிந்து பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த முதியவர் சிரிக்கவில்லை. புது மரை போட்டுத் தந்தார். எந்த இடத்தில் கை நிற்க வேண்டும் என்று என் விரல்மேல் தம் விரலை வைத்துக் காட்டினார். எந்த நூலும் எனக்கு அதைக் கற்பித்ததில்லை. அன்று முதல் எந்தத் தொழிலாளியிடமும் நான் கூலிக்குப் பேரம் பேசியதில்லை.

இந்நாட்டில் நம் முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர்? காட்டை அழித்து ரப்பர் நட்டதும், பால் வெட்டியதும், இருப்புப் பாதை போட்டதும் கறை படிந்த கைகளே. தோட்டத்தில் கிராணியின் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, "நம் பிள்ளையாவது வெயில்படாமல் வாழட்டும்" என்று அவர்கள் ஏங்கினர். அந்த ஏக்கம் நியாயமானது. அடிமை உழைப்பிலிருந்து மீள வேண்டும் என்ற ஏக்கம் அது. நாமோ அதைத் திரித்து, உழைப்பையே இகழ்ச்சியாக்கிக்கொண்டோம். பெற்றோர் வெறுத்தது வறுமையையும் அவமதிப்பையும். நாம் வெறுப்பது ஸ்பேனரை!

விழா மேடைகளில் கோவை ஜி.டி. நாயுடுவைப் புகழ்கிறோம். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு தொழில் தொடங்கியவர், இயந்திரங்களைத் தாமே பிரித்துப் பார்த்துக் கற்றவர் என்று மாணவர்களை எழுதவும் பேசவும் வைக்கிறோம். வீட்டில் மகன் மோட்டார் சைக்கிளைப் பிரித்தால், "புத்தகத்தை எடுடா" என்று அதட்டுகிறோம். மேடைக்கு ஒரு நீதி, வீட்டுக்கு ஒரு நீதியா?

மாணவர்களே, எல்லாரும் இயந்திரம் பழுதுபார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செய்வதா விடுவதா என்ற முடிவை அறிவைக் கொண்டு எடுங்கள் என்கிறேன். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தெரிந்தவரிடம் மதிப்போடு செல்லுங்கள். கற்கும் ஆவலிருந்தால் சிறியதில் தொடங்குங்கள். "எனக்குத் தகாது" என்ற சொல் மட்டும் உங்கள் வாயில் வர வேண்டா.

ஆசிரிய நண்பர்களே, அந்தச் சனிக்கிழமை நான் கேஸ்கெட்டை மாற்றினேன். கசிவு நின்றது. திங்கட்கிழமை நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிறிது கரியோடு கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் எப்போதும் வாய் திறவாத மாணவன் ஒருவன், வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து, "சார், என் அப்பா கையும் இப்படித்தான் இருக்கும்" என்றான். மாணவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்ட நண்பருக்கு இதுவே என் விடை.