என்னா கொறை ஒனக்கு?

எங்கள் ஊர் இரும்பை. மாகாளேஸ்வரர் கோயிலுக்கு வந்தால் கடுவெளிச் சித்தர் கதையைச் சொல்லாமல் யாரும் அனுப்பமாட்டார்கள். தவத்தில் உட்கார்ந்தவரைச் சுற்றிப் புற்றே வளர்ந்துவிட்டது. அதுவரை யாரும் கேட்கவில்லை. மழை பொய்த்தபோதுதான் ராஜாவுக்கு அவர் ஞாபகம் வந்தது. வள்ளி என்ற ஆடல்மகளை அனுப்பி எழுப்பினான். அப்புறம் ஒருநாள் ஆடும்போது அவள் சலங்கை கழன்று விழ, சித்தர் எடுத்துக் கட்டிவிட்டார். ஊரே சிரித்தது. அவர் கோபத்தில் பாட, லிங்கம் வெடித்ததாம்.

சின்ன வயதில் எனக்கு இது சாபக் கதை. இப்போது பெற்றோர் கதையாகத் தெரிகிறது. பிள்ளை மாதக்கணக்கில் பேசாமல் கிடந்தால் 'வயசு அப்படி' என்போம். மார்க் குறைந்த அன்றுதான் எழுப்பப் போவோம். நமக்கு வேண்டியது மழை.

என் அக்காவை மரக்காணத்தில் கட்டிக்கொடுத்தோம். உப்பளத்து வேலை. மகள் பிளஸ் ஒன். தூக்கமில்லை, தினம் தலைவலி, எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தாள். ஒருநாள் "ஒண்ணுமே புடிக்கலம்மா" என்றாள்.

"என்னாடி கொறை ஒனக்கு? போன் இருக்கு, மூணு வேளை சோறு இருக்கு. நான் உப்புல கால் வெடிச்சு நிக்கறேன்."

அக்காவின் பாதங்களைப் பார்த்திருக்கிறேன். அவள் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அது பதிலும் இல்லை, கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், இலக்கியம் வாசிக்கிற மாமா, "நல்ல புக்கா படி, சரியாப்பூடும்" என்றேன்.

டிப்ரஷன் என்பதே இங்கிலீஷ்காரன் வியாதி என்று முகநூலில் எழுதும் பெரியவர்களே, 'ஒண்ணுமே புடிக்கல' எந்த ஊர் இங்கிலீஷ்? பிள்ளைகள் வார்த்தை கிடைக்காமல் திணறவில்லை. சொல்லியாகிவிட்டது. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் மனநலச் சிக்கலோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். இத்தனை பேர் வீட்டிலும் சோறு இல்லாமலா போயிற்று?

ஒருநாள் ராத்திரி அவளிடமிருந்து வாட்ஸப்: "தூங்கி எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாருக்கும் மாமா." கை நடுங்க 14416க்குப் போன் செய்தேன். அரசின் டெலி மானஸ். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அவளைத் தனியே விடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றார்கள். அக்காவை எழுப்பி அவள் பக்கத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். காலையில் மூவரும் புதுச்சேரிக்குப் போனோம்.

திரும்பும் பஸ்ஸில் மருமகள் என் தோளில் தூங்கிவிட்டாள். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "அந்த டாக்டரம்மா அவகிட்ட எப்படி இருக்கேன்னு அவ்ளோ நேரம் கேட்டாங்க. என்னை இதுவரைக்கும் யாருமே அப்படிக் கேட்டதில்லடா."