பழஞ்சாயமும் பச்சிளம் பிள்ளையும்



சென்ற மாதம் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் தகரப் பெட்டியொன்றைக் கொண்டுவந்து திறந்தான். உள்ளே விரலளவே உள்ள குதிரை வீரர் பொம்மைகள் எட்டு. அவனுடைய பூட்டனார் கொழும்பில் வணிகம் செய்த காலத்தில் வாங்கி வந்தவையாம். சாயம் பல இடங்களில் பொரிந்து உதிர்ந்திருந்தது. "இதைச் சுரண்டிவிட்டுப் புதுச் சாயம் பூசித் தம்பிக்கு விளையாடக் கொடுக்கலாமா என்று உம்மா கேட்டு வரச் சொன்னாங்க, ஹஜ்ரத்" என்றான்.

குழந்தைகளின் விளையாட்டை மார்க்கம் வெறுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளிடையே சிறகுள்ள குதிரையொன்றைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததை அபூதாவூதில் காண்கிறோம். ஆயினும் இங்கே ஆராய வேண்டியது வேறொன்று.

பொம்மையை வெள்ளைத் தாளில் உரசிப் பார்த்தேன். பென்சிலால் கீறியதுபோல் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. அது காரீயம். பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம் வேறு, இது நஞ்சு. இலண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற காரீய வீரர்களை வார்க்கத் தொடங்கி, 1966 வரை அவற்றைச் செய்து வந்தது. அக்காலச் சாயங்களிலும் காரீயம் கலப்பது வழக்கமாயிருந்தது. நம் நாட்டிலோ, வீட்டுச் சாயத்தில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கலாகாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே பழஞ்சாயத்தைக் கத்தியால் சுரண்டுவதும், உப்புத்தாளால் தேய்ப்பதும், நெருப்பில் காட்டுவதும் பெருந்தவறு. எழும் தூசியும் புகையும் மூச்சிலும் உணவிலும் கலக்கும். காரீயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாயம் முழுவதையும் நீக்கினாலும் உள்ளே இருப்பதும் காரீயமே. மேலே புதிதாய்ப் பூசினாலோ, பிள்ளையின் பல் பட்டால் அதுவும் பெயரும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தச் சாயம் பூட்டனாரின் கண் கண்ட சாயம். ஒருமுறை நீக்கினால் மீண்டும் வாராது. பழம்பொருள் சேகரிப்போரும் முதற்சாயம் உள்ளதையே பெரிதும் மதிக்கின்றனர்.

பிளாஸ்டிக் பொம்மையில் பின்னாளில் எவரோ தடித்துப் பூசிய சாயமாயின், அதைப் பெரியவர் ஒருவர் பக்குவமாய் நீக்குவதில் குறையில்லை. இதுவோ அவ்வகையன்று. நன்மையை ஈட்டுவதினும் தீமையைத் தடுப்பதே முந்தியது என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் விதி.

"தம்பிக்கு என்ன வயது?" என்று கேட்டேன். "இரண்டு, எதைக் கண்டாலும் வாயில் வைப்பான்" என்றான். இருவரும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவினோம். பொம்மைகளை உள்ளபடியே கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் பூட்டி வைக்கவும், பூட்டனாரின் பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதி உடன் வைக்கவும், தம்பிக்குப் புதிய பந்தொன்று வாங்கித் தரவும் சொல்லியனுப்பினேன்.

முன்னோர் விட்டுச் சென்றதும் அமானிதம். மடியில் தவழும் மழலையும் அமானிதம். இரண்டையும் பேணும் நல்லறிவை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.