குப்பையிலிருந்து டீசல்: முதலிடம் எதற்கு?

தீபாவளிப் பலகாரம் சுட்டு முடிந்த வீட்டில் இரண்டு பொருள்கள் எஞ்சும். ஒன்று, வாணலியில் கறுத்துப்போன எண்ணெய். மற்றொன்று, மாவும் பருப்பும் வாங்கிவந்த நெகிழி உறைகள். எண்ணெய் கழிவுநீர்க் குழாய்க்கும் உறைகள் குப்பைத் தொட்டிக்கும் போகின்றன. இவ்விரண்டிலிருந்தும் டீசல் உருவாக்க இயலும் என்பதை அறிவியல் மெய்ப்பித்துள்ளது. ஆயினும், இரண்டையும் ஒன்றெனக் கருதிப் போற்றுவது சரியன்று.

முதலில் எண்ணெயைக் காண்போம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே நிலக்கடலை எண்ணெயால் ஒரு டீசல் எந்திரம் இயக்கிக் காட்டப்பட்டது. இன்று, பயன்படுத்திய சமையல் எண்ணெயை மெத்தனாலுடனும் வினையூக்கியுடனும் சேர்த்து வினைபுரியச் செய்கின்றனர். அப்போது கிளிசரின் தனியே பிரிகிறது. உயிரி டீசல் கிடைக்கிறது. செடிகள் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரியே இவ்வெண்ணெயில் உள்ளது. எனவே, இதனை எரிப்பதால் காற்றில் புதிதாகச் சேரும் கரி குறைவு.

இதில் உடல்நலமும் அடங்கியுள்ளது. மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் தீங்கு தரும் சேர்மங்கள் பெருகும். மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைக் கடந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் விதி, 2018 ஜூலை முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. எனினும், கழித்த எண்ணெய் மலிவு விலைக்கு விற்கப்பட்டு, வேறொரு கடையின் வாணலிக்குச் சென்றுவிடும் வாய்ப்பு உண்டு. அது எரிபொருள் ஆலைக்குச் சென்றால் ஏழையின் தட்டு தூய்மையாகும்.

நெகிழியின் கதை வேறு. டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனத்தில் 2019ஆம் ஆண்டு ஓர் ஆலை தொடங்கப்பட்டது. ஒரு டன் நெகிழிக் கழிவிலிருந்து 800 லிட்டர் டீசல் பெறும் வகையில் அது அமைக்கப்பட்டது. காற்றுப் புகாத கலத்தில் நெகிழியைச் சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுகள் உடைந்து ஆவியாகும். அவ்வாவி குளிர்ந்து எண்ணெயாகும். பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் போன்றவையே இதற்கு ஏற்றவை. பி.வி.சி. கலந்துவிட்டால் அமில ஆவி எழுந்து கருவிகளை அரிக்கும். ஆகவே, தரம் பிரித்தல் இன்றியமையாதது. மேலும், நெகிழி பெரும்பாலும் நிலத்தடி எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் பிறந்தது. அதனை டீசலாக்கி எரித்தால், மண்ணுள் கிடந்த பழங்கரியே காற்றில் சேரும்.

குப்பைமேட்டில் கிடப்பதினும் எரிபொருளாவது மேல் என்பர் சிலர். அது உண்மையே. ஆனால், ‘எப்படியும் டீசலாகிவிடும்’ என்று எண்ணி உறைகளை மேலும் மேலும் வாங்கினால், மருந்து இருக்கிறதென்று நோயை வரவழைத்தவர் ஆவோம். நெகிழியைப் பொறுத்தவரை, குறைத்தல் முதல் வழி. மறுசுழற்சி அடுத்த வழி. அவ்விரண்டும் இயலாதபோதே டீசல்.

2030ஆம் ஆண்டுக்குள் டீசலில் 5 விழுக்காடு உயிரி டீசல் கலக்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை காட்டும் இலக்கு. ஆலை அமைத்தால் மட்டும் அது நிறைவேறாது. வீடுகளில் சிறிது சிறிதாக எஞ்சும் எண்ணெயை ஓரிடத்தில் சேர்க்கவும் வேண்டும். குடியிருப்புதோறும் ஒரு கொள்கலன் வைத்து, ஆறவைத்து வடிகட்டிய எண்ணெயை அதில் ஊற்றி, உரிய சேகரிப்போரிடம் ஒப்படைக்கலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். குழாயில் கொட்டும் எண்ணெய்க்கும் அது பொருந்தும்.

சிந்தித்து எழுதுக

1. எண்ணெயிலிருந்து பெறும் டீசலும் நெகிழியிலிருந்து பெறும் டீசலும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. உங்கள் வீட்டில் எஞ்சும் சமையல் எண்ணெய் எங்கே செல்கிறது? பெரியவர்களிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.