பாதையில் நின்றே படம் எடுங்கள்

"படம் எடுத்துப் போட்டால்தானேங்க காட்டோட அருமை நாலு பேருக்குத் தெரியும்?" சைலண்ட் வேலிக்குக் கேமராவோடு போய்வரும் நம் கோயமுத்தூர் நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதும் அந்த நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

முக்காலியிலிருந்து வனத்துறை அனுமதியோடு ஜீப்பில் 23 கி.மீ. போனால் சைரந்திரி. அங்கிருந்து குந்திப்புழை ஆற்றுக்கு நடைபாதை இறங்குகிறது. மழை ஓய்ந்த நாட்களில் பாறை, மரம் எல்லாம் பச்சைக் கம்பளி போர்த்தியிருக்கும். வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்பியதும் நம்மவர்கள் பாதையை விட்டு இறங்குகிறார்கள். ட்ரைபாட் கால் பாசியில் ஊன்றுகிறது. குறுக்கே நிற்கும் நாற்று ஒடிகிறது. விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஷூவோடு ஏறி ஒரு செல்ஃபி வேறு!

பாசிக்கு வேர் கிடையாது. மெல்லிய இழைகளால் பாறையையும் பட்டையையும் பற்றிக்கொண்டு, மழையையும் மூடுபனியையும் உடம்பாலேயே உறிஞ்சி வாழ்கிறது. ஒரு மிதியில் பெயர்ந்துவிடும். மறுபடி படர வருஷக்கணக்கில் ஆகலாம்.

இந்தக் காடு பிழைத்ததே படத்தால் அல்ல. கேரள மின்வாரியம் சைரந்திரியில் அணை கட்ட நினைத்தபோது, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் கணக்குப் போட்டு அறிக்கை வெளியிட்டது. சுகதகுமாரி கவிதை எழுதினார். பறவையியலாளர் சாலிம் அலி குரல் கொடுத்தார். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அன்று குரல் கொடுத்த அத்தனை பேரும் அந்தக் காட்டைச் சுற்றிப் பார்த்தவர்களா என்ன?

படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேகமூட்டமான வெளிச்சமும், ஈர இலையின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரும் போதும். பாதையில் நின்றே பாசியின் பச்சை முழுவதும் கிடைக்கும். ட்ரைபாடைப் பாதையிலேயே ஊன்றி ஷட்டரை அரை விநாடி வைத்தால் ஆறு பட்டுத்துணி மாதிரி ஓடும். எட்டாததற்கு ஜூம் லென்ஸ் இருக்கிறது. அதற்கும் எட்டவில்லையென்றால் அந்தப் படம் நமக்கு இல்லை, அவ்வளவுதான்.

நாம் பெருமையாகக் குடிக்கும் சிறுவாணித் தண்ணீரும் இதே மலைத்தொடரின் காடுகள் பிடித்துவைத்துத் தருவதுதான். அதனால் இது வெறும் அழகு சமாச்சாரம் இல்லை.

நம் ஊர்ப் புகைப்படப் போட்டிகளில் நடுவராக உட்காருகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "எங்கே நின்று எடுத்தீங்க?" பதில் சொல்லத் தயங்குகிறவருக்குப் பரிசு கொடுக்காதீர்கள்.