சேர்க்கை அன்று போட்ட கையெழுத்து

முதலாம் ஆண்டு சேர்ந்த அன்னைக்கு ஆபீஸ் ஜன்னலில் ஒரு கட்டுத் தாளில் கையெழுத்து வாங்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? ராகிங் செய்ய மாட்டேன் என்று ஒரு தாள். அதற்கு அடியில், எந்த அரசியல் நடவடிக்கையிலும் ஈடுபட மாட்டேன் என்று இன்னொரு தாள். அப்பா படித்துக்கூடப் பார்க்கவில்லை. "போடுடா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். போட்டேன். அப்போ எனக்கு வயசு 16.

இப்போ 18 முடிந்துவிட்டது. ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம் என்று மைதானத்தில் நிற்க வைத்து, கையை நீட்டி உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். ஓட்டுப் போடு என்கிறது இந்தத் தாள். அரசியல் பேசாதே என்கிறது அந்தத் தாள். பேசாமல், கேட்காமல் எதைப் பார்த்து ஓட்டுப் போடுவதாம்?

அதே ஜனவரி 25-தான் மொழிப்போர் தியாகிகள் நாளும். வடலூரில் பஸ் ஏறினால் சிதம்பரம் ஒரு மணி நேரம். 1965 ஜனவரி 27 அன்று அங்கே இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளம்பிய அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீது போலீஸ் சுட்டதில் மாணவர் ராஜேந்திரன் பலியானார். பல்கலைக்கழக வாசலில் அவர் சிலை நிற்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் 1971-இல் முதலமைச்சர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்தபோது மாணவர்கள் எதிர்த்தார்கள். தடியடி நடந்தது. உதயகுமார் என்ற மாணவரின் உடல் குளத்தில் கிடந்தது. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். இந்தப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1965 போராட்ட அலையில் 1967-இல் ஆட்சிக்கு வந்த கட்சிதான் அப்போதும் ஆட்சியில் இருந்தது. (விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் மாணவர் தலைவர் சீனிவாசன்!) எதிர்க்கட்சியாக இருக்கும்போது மாணவன் சிங்கம், நாற்காலியில் உட்கார்ந்ததும் அதே மாணவன் ரவுடி. எந்தக் கொடி என்றாலும் இதே கதைதான். 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்தார்களே, அதற்குக் காரணம் டெல்லிக்குப் போன ஒரு மொட்டைக் கடிதம். நாடு முழுக்க சத்தம் கிளம்பியதும் ஜூனில் திருப்பிக் கொடுத்தார்கள்.

"படிக்கிற பையனுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று நம்ம சார் கேட்கிறார். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பிரியாணிப் பொட்டலத்துக்காகக் கட்சி லாரியில் ஏறுவதும், லேபைக் கட் அடிக்க ஸ்ட்ரைக் என்பதும் அரசியலில் சேர்த்தி இல்லை. மாணவர் தேர்தலில் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்காதே, அச்சடித்த போஸ்டர் ஒட்டாதே என்று 2006-இல் லிங்டோ கமிட்டி சொன்னது. சரிதான். ஆனால் தேர்தலே வேண்டாம் என்று அந்தக் கமிட்டிகூடச் சொல்லவில்லையே!

சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். 2013-இலேயே பல்கலைக்கழகம் அரசின் கைக்கு வந்துவிட்டது. இருந்தும் எம்.பி.பி.எஸ். கட்டணம் வருஷத்துக்கு 5 லட்சத்துக்கு மேல். 2020 டிசம்பரில் உட்கார்ந்த மாணவர்கள் 50 நாளுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. நடுவில் விடுமுறை விட்டு, ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லியும் அசையவில்லை. 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, கட்டணம் 13,610 ரூபாய் ஆனது. நம்ம தாளின்படி அதுவும் அரசியல் நடவடிக்கைதான். டி.சி. கிழித்திருப்பார்கள்.

எனக்கு இருக்கிற பயத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்னல் மார்க் சார் கையில். நடத்தைச் சான்றிதழில் 'நன்று' என்று எழுதுவதும் அவர்தான். ப்ராஜெக்ட் வைவா முடியட்டும் என்று இந்தக் கட்டுரையையே இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

அடுத்த சேர்க்கைக்கு அந்தத் தாள் மறுபடி அச்சாகப் போகிறது. ராகிங் தாள் இருக்கட்டும், மற்றதை எடுத்துவிடுங்கள் என்று பிரின்சிபாலுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். யூனியன் செயலாளரிடம் இருக்கிறது. இதுவரை 11 கையெழுத்து.