பட்டியின் கட்டாயம் வீதியோடு அன்றி வாகனத்தோடு வர வேண்டும்

மினிபஸ்களிலும் நீண்டதூர பஸ்களிலும் ஆசனப்பட்டி: நிலைப்பாட்டு அறிக்கை

கிழக்கு மாகாணத்தின் பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை வழியாகக் கொழும்புக்கு இரவிரவாக ஓடும் பஸ்களிலும், கலியாணத்துக்கும் வைத்தியசாலைக்கும் வாடகைக்கு அமர்த்தப்படும் ரோசா மினிபஸ்களிலும் ஹயஸ் வேன்களிலும், ஒவ்வோர் ஆசனத்துக்கும் பட்டி பொருத்தப்படுவதும் அணியப்படுவதும் எந்த வீதியாயினும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடாகும்.

இலங்கையில் 2011 ஒக்டோபர் முதல் சாரதிக்கும் முன்னாசனப் பயணிக்கும் பட்டி கட்டாயமாக்கப்பட்டது. 2025 இல் நீண்டதூர பஸ் சாரதிகளுக்கும், அதிவேக நெடுஞ்சாலைகளில் செல்வோர் அனைவருக்கும் அக்கடமை விரிவுபடுத்தப்படுவதாக அரசாங்கம் அறிவித்தது. வரவேற்கத்தக்க இம்முடிவால் கிழக்கு மாகாணத்துக்குக் கிடைக்கும் பயன் சொற்பமே. ஏனெனில் இங்கே அதிவேக நெடுஞ்சாலை ஒன்றேனும் இல்லை. 2025 செப்டம்பர் 4 அன்று 15 உயிர்களைப் பறித்த பஸ் விபத்து நிகழ்ந்த எல்ல – வெல்லவாய வீதியும் அத்தகைய நெடுஞ்சாலை அன்று.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் மோதி நிற்கும்போது, உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. அந்த மோதல் ஏறத்தாழ 14 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்கு ஒப்பானது. மடியில் பிள்ளையை வைத்திருக்கும் தாயின் கைகள், அவை எவ்வளவு இறுகப் பற்றியிருந்தாலும், அந்த விசையைத் தாங்கமாட்டா. வாகனம் புரளும்போது பயணி வெளியே வீசப்படுவதைத் தடுப்பதும் பட்டியே.

2023 யூலையில் மன்னம்பிட்டியில் பாலத்திலிருந்து பஸ் ஆற்றில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைவில் கொண்டோர், பட்டி நீருக்குள் மனிதரைச் சிக்கவைக்குமே என்று அஞ்சுவது இயல்பு. ஆயினும் பட்டியின்றித் தலை அடிபட்டு மயங்கியவரால் கதவைத் தேட முடியாது. நினைவோடு இருப்பவரோ கொளுவியை ஓர் அழுத்தில் விடுவிக்கலாம்.

பட்டியின் வலிமை அது பூட்டப்படும் இடத்தைப் பொறுத்தது என்பதால், மெல்லிய தகட்டுத் தரையில் ஆணி முடுக்கிப் பெயருக்குப் பொருத்துவதை இவ்வமைப்பு ஏற்கவில்லை. எனவே, புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்குப் பட்டியைக் கட்டாயமாக்கும் விதி உடனடியாகவும், ஓடிக்கொண்டிருப்பவற்றுக்குத் தவணையிட்டும் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். பாடசாலை வேன்கள் முதலிடம் பெற வேண்டும். ஆசனத்தின் பிடிமானம் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்ட பின்னரே அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட வேண்டும். நடைபாதையில் மடிப்பு ஆசனமிட்டு ஆளேற்றுவது நிறுத்தப்பட வேண்டும். உரிமையாளர்களின் செலவைக் குறைக்க, தரச்சான்று பெற்ற பட்டிகளுக்கு இறக்குமதி வரி விலக்களிக்கப்பட வேண்டும். பயணிகள் நின்று செல்லும் குறுந்தூர பஸ்களுக்கு இவ்விதி இப்போதைக்குப் பொருந்தாது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பல வேன்களில் பட்டி ஏற்கெனவே ஆசன உறைக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. இன்றிரவு பயணம் புறப்படுவோர் அதை வெளியே இழுத்து, முதலில் பிள்ளைகளுக்கும் பின்னர் தமக்கும் மாட்டிக்கொள்ளுமாறு இவ்வமைப்பு வேண்டிக்கொள்கிறது.